மறு: மோனோவிஷனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

அன்புடையீர், வணக்கம்.

> ‘மோனோ’ என்றால் ஒற்றை. ‘ஒற்றைப்பார்வை’ என்றே வைத்துவிடலாமே.

முன்னொட்டைப் பெயர்த்தோம், பொருளைக் கோட்டைவிட்டோம் என்றாகிவிடும். மோனோவிஷனில் இரண்டு கண்ணும் வேலை செய்கின்றன. வயதாகிக் கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து வந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தவிர்க்க, ஒரு கண்ணில் தூரத்துக்கும் மறு கண்ணில் கிட்டத்துக்கும் காண்டாக்ட் லென்ஸ் அணிகிறார். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணில் தெளிவு, மற்றதில் மங்கல். நாளிதழ் படிக்க இது தாராளம். ஆனால், எட்டம் கிட்டம் அளக்க இரு கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நான் நேற்று மூன்று முறை காற்றைத்தான் குத்தினேன்.

1996 அக்டோபர் 19 அன்று டெல்டா 554 விமானம் நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் மழையினூடே இறங்கியது. கீழே பிடிமானமாக எதுவும் தெரியாத நீர்ப்பரப்பு. தலைமை விமானி இத்தகைய லென்ஸ் அணிந்திருந்தார். ஓடுபாதைக்கு முன்னிருந்த விளக்குத் தாங்கிகளிலும் ஓடுபாதை மேடையின் விளிம்பிலும் விமானம் மோதியது. உயிரிழப்பு இல்லை. விமானத்தின் நிலையைத் தவறாகக் கணித்த அவரால் அந்தத் தவறிலிருந்து மீள முடியாமல் போனதற்கு அந்த லென்ஸே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது.

‘ஒற்றை’யை வேறொன்றுக்குக் காப்பாற்றவும் வேண்டும். 1933இல் தனியாளாக உலகைச் சுற்றிப் பறந்த வைலி போஸ்ட் இடது கண்ணை இழந்தவர். அவருடையதுதான் ஒற்றைக்கண் பார்வை.

> ‘பகிர்பார்வை’ எப்படி?

அழகுதான். ஆனால் இணையத்தில் ‘பகிர்’ என்றாலே விரல் பொத்தானைத் தேடுகிறது. தவிர, பகிர்வதில் இருவருக்கும் ஒன்றே கிடைப்பதுபோல் ஒரு சாயல் உண்டு. இங்கே நடப்பது பாகப்பிரிவினை: நன்செய் அண்ணனுக்கு, புன்செய் தம்பிக்கு.

ஆகவே என் பரிந்துரை ‘பிரிபார்வை’. இது வினைத்தொகை என்பதால் பிரித்த, பிரிக்கும் எல்லாம் அதில் அடங்கும். ‘பிரிபார்வை லென்ஸ் அணிந்து விமானம் ஓட்டக் கூடாது’ என்ற வாக்கியம் உறுத்தாமல் நிற்கிறது.

இரு கண்களுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமென்றால் ‘தூரக்கண்’, ‘கிட்டக்கண்’ போதும். தூரப்பார்வை, கிட்டப்பார்வை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவை ஏற்கெனவே குறைபாடுகளின் பெயர்கள்.