டிவி காட்டு நிகழ்ச்சிகளை நம்பி டிராகன்ஸ்பெர்க்குக்கு மூட்டை கட்டலாமா?

சாட்ஸ்வர்த் வேலன்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலை குளிர்காலப் பள்ளி விடுமுறையில் கோயில் இளைஞர் குழுவோடு, நம்ம தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையில் இருக்கும் இஞ்சசுத்தி முகாமுக்குப் போகிறோம். பசங்க 11 பேர், 15 முதல் 18 வயது. பெரியவர்கள் 3 பேர். மேலே நடந்து பள்ளத்தாக்கில் ஒரு இரவு கூடாரம், மறுநாள் இறக்கம்.

பசங்க உடம்பு தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டில் உயிர் பிழைக்கும் நிகழ்ச்சிகளாகப் பார்த்துத் தள்ளி, அதை வைத்தே சாமான் வாங்குகிறார்கள். முழங்கை நீளத்துக்குக் கத்தி, தீப்பொறிக் கம்பி, 30 மீட்டர் நைலான் கயிறு, தூண்டில் முள் எல்லாம் வந்தாச்சு. மழைச்சட்டை வாங்கினவர்கள் 2 பேர். காட்டில் தனி ஆளாகத் தாக்குப்பிடிக்கும் 'அலோன்' போட்டியின் 2025 தொடரை நம்ம கரூ வறண்ட நிலத்திலேயே எடுத்ததால் "அங்கே முடிந்தது இங்கே முடியாதா" என்கிறார்கள். அந்த நிகழ்ச்சிகளில் எது நிஜம், எது பயன்படும்? வெறுமனே "வேண்டாம்" என்றால் கேட்கமாட்டார்கள், காரணத்தோடு சொல்லுங்கள்.

பெர்க் நடையன்:
வேலன் தம்பி, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பேர் கிரில்ஸின் 'மேன் வெர்சஸ் வைல்ட்' சாகசக் காட்சி. சில இரவுகளை அவர் விடுதியில் கழித்தது 2007-ல் வெளியே வந்தது. அதற்கப்புறம் சில காட்சிகள் ஏற்பாடு செய்து எடுத்தவை என்று நிகழ்ச்சியிலேயே அறிவிப்பு போட்டார்கள். 2020-ல் ரஜினியோடு பந்திப்பூரில் எடுத்ததும் அதே வகையறாதான்: வனத்துறை அனுமதி, சுற்றிலும் படக்குழு. தலைவருக்காக நானும் பார்ப்பேன், அது வேறு. தண்ணீரில் குதிக்கும் காட்சிக்கு முன்னால் ஆழம் பார்த்தவனும் கயிறு பிடிப்பவனும் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். பையன் அதைப் பார்த்துக் குதித்தால் கணுக்கால் பிசகும். மேலே ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் 14 பேரும் அங்கேயேதான்.

லெஸ் ஸ்ட்ரவுட் தனியாகப் போய் எடுத்த 'சர்வைவர்மேன்' நிகழ்ச்சியைப் பசங்களுக்குப் போட்டுக் காட்டலாம். கேமராவை அவரே சுமக்கிறார். தான் நடந்து போகிற மாதிரி ஒரு காட்சி வேண்டுமென்றால் கேமராவை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், திரும்பி வந்து அதை எடுக்க வேண்டும், மறுபடியும் நடக்க வேண்டும். ஒரே தூரம் மூன்று தடவை. அதனால் வீணாக ஓர் அடி வைக்கமாட்டார். தீ பற்றவில்லை என்றால் பற்றவில்லை என்றே காட்டுவார்.

'அலோன்' நிஜம்தான், ஆனால் அது பட்டினிப் போட்டி. ஆளுக்கு 10 சாமான், கூப்பிட்டால் ஆள் வர செயற்கைக்கோள் கருவி, நடுநடுவே மருத்துவர் வந்து எடை பார்ப்பார், ரொம்ப இளைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வாரக் கணக்கில் இருப்பவனுக்குத் தூண்டில் முள் வேண்டும். ஒரு இரவு சாப்பிடாமல் இருந்தால் பசங்களுக்கு ஒன்றும் ஆகாது. நனைந்த ஜீன்ஸோடு காற்றில் ஒரு இரவு இருந்தால் ஆகும்.

இன்னொன்று. "ஆற்றைப் பிடித்துக் கீழே போ, ஊர் வரும்" என்று டிவியில் சொல்வதை இந்த மலையில் மறந்துவிடச் சொல்லுங்கள். இங்கே ஆறு பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும். துகேலா அருவி 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. பேர் இல்லாத 20 மீட்டர் அருவிகளுக்குக் கணக்கே இல்லை. பனிமூட்டத்தில் ஓடையோடு இறங்கினால் அருவி உச்சியில் போய் நிற்பீர்கள், ஈரப்பாறையில் திரும்ப ஏறவும் வராது. வழி தவறியது தெரிந்த நிமிடமே காற்று படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டும்.

கேஸ் அடுப்பு:
முதலில் தீப்பொறிக் கம்பி. இஞ்சசுத்தி இருக்கும் மலைப் பூங்காவுக்குள் திறந்த தீயே கூடாது. ஜூலையில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். கேஸ் அடுப்பு மட்டும்தான். அதிலும் ஒரு சூட்சுமம்: வெறும் பியூட்டேன் டப்பா 0 டிகிரியை நெருங்கினாலே ஆவியாக மறுக்கும், திருகினால் சும்மா 'புஸ்' என்று அடங்கிவிடும். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த டப்பா வாங்குங்கள். ராத்திரி அதைத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் தேநீர் உண்டு.

மின்னல் கோடைகாலத் தொல்லை. ஜூலையில் வேறு இரண்டு. ஒன்று இருட்டு: 5 மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். கடைசிக் கூடாரமும் 4 மணிக்குள் நிற்க வேண்டும். இரண்டாவது, உள்நாட்டிலிருந்து திடீரென்று வீசும் அனல்காற்று. "என்ன சுகமான வெயில்" என்று பசங்க சட்டையைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் அது குளிர் முகப்பின், அதாவது பின்னால் வரும் குளிர்க்காற்றுத் திரளின், முன்னோட்டம். சில மணி நேரத்தில் காற்று திரும்பி மழை, மேலே பனிகூட வரலாம். கிளம்பும் காலை வானிலையில் குளிர் முகப்பு போட்டிருந்தால் தேதியை மாற்றுங்கள்.

இலை பரப்பிப் படுக்கை போடுகிற காட்சி வருமே, அதிலுள்ள தத்துவம் சரி. நம் சூட்டைத் தரை உறிஞ்சும். ஆனால் அந்தப் புல்வெளியில் இலைக்கு எங்கே போவது? 1 செ.மீ. தடிமன் ஃபோம் பாய் ஆளுக்கு ஒன்று. பாய் தொலைந்தால் காலிப் பையை முதுகுக்கடியில் போட்டு, கயிற்றைச் சுருட்டி இடுப்புக்குக் கீழே வைக்கலாம். 30 மீட்டர் கயிற்றுக்கு எனக்குத் தெரிந்த ஒரே உபயோகம் அதுதான்!

பருத்தி வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ், பருத்தி ஹூடி நனைந்தால் காயாது. கம்பளி அல்லது பாலியெஸ்டர். படுக்கும்போது போட ஒரு ஜோடி காலுறை, உள்சட்டை தனியாகப் பிளாஸ்டிக் பையில். நடக்கும்போது எவ்வளவு குளிரினாலும் அதைத் தொடக்கூடாது.

நிஜமான உயிர்பிழைக்கும் கதை வேண்டுமென்றால் 2024 செப்டம்பரைச் சொல்லுங்கள். வான் ரீனன் மலைக் கணவாய்ப் பக்கம், டர்பன்-ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் பனி கொட்டி, ஜனங்கள் ராத்திரி முழுக்க வண்டிக்குள் இருந்தார்கள். அங்கே உதவக்கூடியது போர்வை, தண்ணீர், டாங்க்கில் பெட்ரோல். அதோடு, புகைக்குழாயைச் சுற்றிய பனியைத் தள்ளிவிட்டுத்தான் இஞ்சினைப் போட வேண்டும், மணிக்கு 10 நிமிடம், ஜன்னல் விரல் கனம் திறந்து. குழாய் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை கிடையாது, தூக்கம் மாதிரித்தான் இருக்கும்.

செவிலி அக்கா:
மருத்துவப் பக்கம் நான் சொல்கிறேன்.

குளிர் ஏறியவனை அவன் பேச்சில் கண்டுபிடிக்கலாம். நாக்கு குழறும், ஜிப் இழுக்க விரல் வராது, கால் தடுக்கும், "எனக்கு ஒன்றுமில்லை" என்று எரிந்து விழுவான். நடுங்கும்வரை பரவாயில்லை. சூடு ஏறாமலே நடுக்கம் நின்றால் ஆபத்து. ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, அடியில் பாய், மேலே தூங்கும் பை. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம். கை காலைத் தேய்க்காதீர்கள், பிராந்தி வேண்டாம்.

பாம்புக் கடியில் டிவி காட்டுவது முழுத் தப்பு. கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. பஃப் ஆடர் என்ற விரியன் கடித்தால் கை கால் வீங்கித் தசை அழுகும். கட்டுப் போட்டால் விஷம் அங்கேயே நின்று அழுகல்தான் கூடும். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, ஆளை நடக்கவிடாமல் கிடத்தி, உதவிக்குச் சொல்ல வேண்டும். பெர்க் ஆடர் என்ற மலை விரியனுக்கு, பல பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவாக நம் நாட்டில் கொடுக்கும் முறிமருந்து வேலை செய்யாது. இமை தொங்கும், வாசனை தெரியாமல் போகும், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாமல், தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்தால் போதும். ஜூலையில் பெரும்பாலும் வெளியே வராது, இருந்தாலும் வெயில் படும் பாறையில் கை வைக்கும் முன் பாருங்கள்.

"எந்தக் குச்சியானாலும் இறைச்சி சுடலாம்" என்பதும் டிவி வித்தை. கீழ்நாட்டுப் புதர்க்காட்டில் தம்போட்டி மரம் இருக்கிறது; அதன் புகையில் சுட்டதைத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. மரம்போல் உயர்ந்த கள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கள்ளிப்பாலும் அரளியும் என்ன செய்யும் என்று நம்ம வீட்டு ஆயாக்களைக் கேட்டாலே தெரியும்.

தண்ணீர்: குமிழ் பொங்கக் கொதித்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். பில்ஹார்சியா என்ற புழு நோய் கீழே வெதுவெதுப்பான, மெதுவான ஆறுகளில் வருவது. மேலே குளிர்ந்து ஓடும் ஓடையில் அந்தப் பயம் குறைவு. சிறுநீர் குடிக்கும் காட்சியைப் பற்றிக் கேட்டால், உடம்பு வேண்டாமென்று தள்ளிய உப்பைத் திரும்ப ஊற்றினால் தாகம்தான் ஏறும் என்று சொல்லிவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் வேலன்:
அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. ஃபோம் பாய் 14 சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். அந்தக் கத்தியை என்ன செய்வது? சிக்னல் இல்லாத இடத்திலும் 112 அவசர அழைப்பு போகும் என்கிறார்களே?

பெர்க் நடையன்:
கத்தி வீட்டில் தேங்காய் உடைக்கட்டும். குழுவுக்கு மடக்குக் கத்தி 2 போதும். அந்தக் காசுக்கு ஆளுக்கொரு விசில், தலைவிளக்கு, முழு உடம்பும் நுழைகிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பை. விசிலை நிமிடத்துக்கு 6 தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6. கேட்டவர்கள் 3 ஊதிப் பதில் தருவார்கள்.

112 பாதி உண்மை. உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாமல் வேறு கம்பெனி கோபுரம் எட்டினால் போகும். எந்தக் கோபுரமும் எட்டாத பள்ளத்தாக்கில் போகவே போகாது. செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போன்களில் ஒன்றை மட்டும் ஆன் செய்து வைத்துக்கொண்டு மற்றதை அணைத்து, எல்லாவற்றையும் சட்டைக்குள் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

முகாமில் மலைப் பதிவேடு இருக்கும். 14 பேரையும் எழுதுங்கள். போகிற வழி, கூடாரத்தின் நிறம், திரும்பும் நாள், நேரம் எல்லாம் வேண்டும். இறங்கி வந்ததும் வண்டி ஏறும் முன் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுங்கள். மறந்துபோய் டர்பன் வந்து தூங்கினால், உங்களைத் தேடி ஆட்கள் மலை ஏறுவார்கள்.