ஆளா, இடமா? பங்கில் சிறார் பாதுகாப்பு விதிகள் எழுதுவது பற்றி ஒரு கேள்வி

மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

பதினொரு ஆண்டுகளாக எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். சிறாரைப் பாலியல் முறைகேட்டிலிருந்து காக்க ஒரு பாதுகாப்புக் குழு அமைக்கும்படி மறைமாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பங்குப் பேரவை என்னையும் இன்னும் நால்வரையும் குழுவில் சேர்த்தது. விதிமுறைகளை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

முதல் கூட்டத்திலேயே பேச்சு திசைக்கு ஒன்றாகப் போனது. "குருக்களுக்குத் திருமணம் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் வேர். அதைப் பேசாமல் விதி எழுதி என்ன பயன்?" என்றார் ஒருவர். "எங்கோ ஒன்றிரண்டு கறுப்பு ஆடுகள் இருக்கும். அதற்காக நம் ஃபாதரைச் சந்தேகப்படுவதா?" என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பும் வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஃபாதர் வசிக்கும் பங்கு இல்லத்தின் மாடி அறையில் இருந்த பழைய பாடல் புத்தகங்களை எடுத்துவர எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தனியாக அனுப்பினேன். ஃபாதர் மேலே இருந்தார். தவறாக எதுவும் நடக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான். ஆனால் அனுப்பும்போது எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லையே, அதுதான் உறுத்துகிறது. தனியாக வசிக்கும் வேறொரு ஆணின் மாடி அறைக்கு அந்தப் பையனை அனுப்பியிருப்பேனா? நிச்சயமாக மாட்டேன்.

இது கெட்ட மனிதர்களின் கதையா, நாமே அமைத்து வைத்திருக்கும் இடங்களின், பழக்கங்களின் கதையா? இதைப் படித்தவர்கள், இதில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர் எழுதியது:

சகோதரி, அந்த மாடிப்படியை நினைத்துப் பார்த்தீர்களே, உங்கள் குழுவின் பாதி வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. 26 ஆண்டுகள் பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு உட்கார்ந்து பேசியவன் நான். "அந்த ஆள் எப்படிப்பட்டவன்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். "குழந்தை அங்கே எப்படித் தனியாகப் போனது?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

மறைமாவட்டங்களின் தலைவர்களான அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு 1950 முதல் 2002 வரையிலான புகார்களை எண்ணியது. குற்றம் சாட்டப்பட்ட குருக்கள் 4,392 பேர்; அந்தக் காலத்தில் பணியாற்றியவர்களில் சுமார் 4 சதவீதம். புகாரில் இடம்பெற்ற குழந்தைகள் 10,667 பேர். செய்தித்தாள்கள் இந்த எண்களோடு நின்றுவிட்டன. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதே ஆய்வில், சம்பவம் நடந்த இடங்களைக் காட்டும் பட்டியலை. முதலிடம் குருவானவரின் இல்லத்துக்கு, ஏறத்தாழ 40 சதவீதம். கோவில் அதற்குப் பிறகுதான் வருகிறது. அடுத்தது குழந்தையின் சொந்த வீடு. ஆம், பெற்றோர் வரவேற்று உட்கார வைத்த வீடு.

பாதிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் சிறுவர்கள். இதை வைத்துக் குருக்களின் பாலியல் நாட்டத்தைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பீடத்தில் உதவி செய்ய யார் போனார்கள்? சிறுவர்கள் மட்டும்தான். சிறுமிகளையும் அனுமதிக்கலாம் என்று வத்திக்கான் சொன்னது 1994-இல். ஒரு பெண் குழந்தை குருவானவரோடு தனியாக வெளியூர் போனால் நான்கு பேர் கேட்பார்கள். பையன் போனால் வீட்டில் பெருமைப்பட்டார்கள். கைக்கு எட்டியவர்கள் சிறுவர்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

திருமணமாகாமை பற்றி உங்கள் நண்பர் சொன்னதை ஒதுக்கிவிட வேண்டாம், ஆனால் அதோடு நின்றுவிடவும் கூடாது. ஆஸ்திரேலிய அரச விசாரணை ஆணையம் ஐந்தாண்டுகள் விசாரித்து 2017 டிசம்பரில் 17 தொகுதிகளாக அறிக்கை தந்தது. 1950 முதல் 2010 வரை பணியாற்றிய குருக்களில் 7 சதவீதத்தினர் மீது குற்றச்சாட்டு இருந்ததாக அது கணக்கிட்டது. துறவியரான கிறிஸ்தவ சகோதரர்கள் சபையில் அது 22 சதவீதம். மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கான இல்லங்களை நடத்திய இறைவனின் புனித யோவான் சகோதரர்கள் சபையில் 40 சதவீதம். திருமணமில்லாத வாழ்க்கை எல்லோருக்கும் ஒன்றுதான். அப்படியானால் 7 எப்படி 40 ஆயிற்று? இரவும் பகலும் குழந்தைகளோடு ஒரே கூரையின் கீழ், வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்காத இல்லங்களில், பேசினாலும் நம்பப்படாத குழந்தைகளோடு அந்தச் சகோதரர்கள் வாழ்ந்தார்கள். வேறுபாடு அங்கே இருக்கிறது. அதே ஆணையம், கட்டாயத் திருமணமின்மை நேரடிக் காரணம் அல்ல, வேறு காரணங்களோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டுகிறது என்றும் சொன்னது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. மணமான குருக்கள் உள்ள ஆங்கிலிக்கன் சபையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை அதே ஆணையம் எண்ணியது.

கறுப்பு ஆடு பற்றி: ஜான் ஜே கணக்கில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மீது ஒரே ஒரு புகார்தான். மறுபக்கம், பத்துக்கு மேல் புகார் வந்தவர்கள் 149 பேர். மொத்தப் புகாரில் கால் பங்குக்கு மேல் அவர்கள் கணக்கில் வருகிறது. நான் இதை இப்படிப் படிக்கிறேன். பலருக்கு வாய்ப்புதான் வழி திறந்தது. அந்த வழியை ஒரு பங்கின் விதிகளே அடைக்க முடியும். அந்த 149 பேருக்கோ மேலிடம் வழி திறந்துவிட்டது. அது வேறு கதவு. அதன் சாவி பங்கில் இல்லை.

---

முன்னாள் குருமாணவன் எழுதியது:

ஐயா கடைசியில் சொன்ன கதவைப் பற்றி நான் எழுதுகிறேன். பதினைந்து வயதில், குருக்களாகப் பயிற்சி பெறும் குருமடத்தில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் இருந்தேன். அந்த எட்டு ஆண்டுகளில் தத்துவம் படித்தோம், இறையியல் படித்தோம். உன் தனிமையை என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தனிமை என்ற சொல்லை ஒருமுறை ஆன்ம குருவிடம் சொன்னபோது, "செபமாலையைக் கூடுதலாகச் சொல்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அவரிடமும் வேறு எதுவும் இல்லை.

ஆயரின் இடத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது. ஒரு குருவானவருக்கு ஆயர்தான் தந்தை, வேலை தருபவர், மேலதிகாரி, நீதிபதி. புகார் வந்தால் மகனை விசாரிக்கும் தகப்பன் நிலைதான் அவருக்கு. குழந்தையும் அதன் தாயும் எதிரே நிற்கும்போது, அவர் கண்ணுக்கு முதலில் தெரிவது தன் மகனின் எதிர்காலமும் வீட்டின் பெயரும். அமெரிக்காவின் பாஸ்டன் உயர் மறைமாவட்டத்தில் ஜான் கேகன் என்ற குருவானவர் முப்பது ஆண்டுகளில் பங்கு பங்காக மாற்றப்பட்டார். 130-க்கும் மேற்பட்டவர்கள் அவர்மீது புகார் சொன்னார்கள். 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் நாளிதழ் அதை வெளியிட்டது. அந்த டிசம்பரிலேயே பாஸ்டன் பேராயர் கர்தினால் பெர்னார்டு லா பதவி விலகினார். கேகன் மாற்றப்பட்ட புதிய பங்கு மக்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. மாற்றல் கடிதத்தில் காரணம் எழுதும் வழக்கமே இல்லை. சோர்வு, உடல்நலக் குறைவு, மேற்படிப்பு, அவ்வளவுதான்.

தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவறிய குருக்களுக்காகவே அமெரிக்காவில் ஒரு துறவற சபையை நிறுவிய ஜெரால்டு ஃபிட்ஸ்ஜெரால்டு, இப்படிப்பட்டவர்களைத் திரும்பப் பணியில் அமர்த்த வேண்டாம் என்று 1950-களிலேயே ஆயர்களுக்கு எழுதினார். 1985-இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு குருவானவர் மீதான முறைகேட்டு வழக்கு வெடித்தபோது ஒரு திருச்சபைச் சட்ட வல்லுநரும் ஒரு வழக்கறிஞரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து அமெரிக்க ஆயர்களுக்கு விரிவான எச்சரிக்கை அறிக்கை தந்தார்கள். அயர்லாந்தில் டப்ளின் உயர் மறைமாவட்டம் இப்படிப்பட்ட வழக்குகளின் செலவுக்காக 1987-லேயே காப்பீடு எடுத்தது. 2009-இல் வந்த அரசு விசாரணைக் குழுவின் மர்பி அறிக்கை இதை வெளிக்கொண்டு வந்தது. காப்பீடு எடுத்தவர்களுக்கு ஆபத்து தெரியாது என்று எப்படிச் சொல்வது? இதை எழுதும்போது இன்றும் என் கை நடுங்குகிறது.

மாற்றங்கள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், முறைகேட்டையும் மூடி மறைப்பையும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. அந்த டிசம்பரில் இவ்வழக்குகளுக்கு இருந்த 'பாப்பரசரின் இரகசியம்' என்ற கடும் இரகசியக் காப்பு விதி நீக்கப்பட்டது. ஆனால் புகார் போய்ச் சேரும் இடம் இன்னும் பெரும்பாலும் அந்தத் தகப்பனின் மேசைதான். ஆகவே சகோதரி, நீங்கள் எழுதும் விதிப் பக்கத்தில் காவல்துறை எண் முதல் வரியில் இருக்கட்டும். ஆயர் இல்ல எண் அதற்குக் கீழே வரட்டும்.

---

பெயர் சொல்ல விரும்பாதவர் எழுதியது:

எனக்குப் பன்னிரண்டு வயது. பீடச்சிறுவன். சனிக்கிழமை இரவு அம்மா என் வெள்ளை அங்கியை இஸ்திரி போட்டு, கழுத்துப்பட்டையில் மட்டும் இரண்டாம் முறை அழுத்தித் தேய்ப்பார். அந்தச் சூடான துணி வாசனை இப்போதும் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்.

நடந்ததை எழுதப்போவதில்லை. நடந்த பிறகு நான் திருப்பலிக்கு உதவி செய்யப் போவதை நிறுத்திவிட்டேன். வயிற்றுவலி என்றேன், பரீட்சை என்றேன். நான்கு ஞாயிறுகள் கழித்து என் அங்கியை இன்னொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உபதேசியார், மறைக்கல்வி ஆசிரியர், பாடகர் குழு அக்கா, பங்குப் பேரவைத் தலைவர், எல்லோருக்கும் என்னைத் தெரியும். "ஏன் வரவில்லை?" என்று ஒருவர்கூட வீடு தேடி வந்து கேட்கவில்லை. அம்மா மட்டும் கேட்டார். "ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினாரே, போகாமல் இருந்தால் என்ன நினைப்பார்?" என்று கேட்டார்.

நான் வாய் திறந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஆஸ்திரேலிய ஆணையத்தின் கணக்கில், கத்தோலிக்க அமைப்புகளில் பாதிக்கப்பட்டவர்கள் முறைகேடு நடந்ததிலிருந்து இழப்பீடு கேட்டு வருவதற்குச் சராசரியாக 33 ஆண்டுகள் ஆனதாகப் படித்தேன். அந்த எண்ணைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப்போல் இத்தனை பேர்.

ஆசிரியை அம்மா, உங்கள் விதிகளில் இதையும் சேர்ப்பீர்களா? ஒரு பிள்ளை திடீரென்று வருவதை நிறுத்தினால், குருவானவர் அல்லாத இருவர் ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். விசாரணைக்காக அல்ல. "உன்னைத் தேடினோம்" என்று சொல்வதற்கு.

---

ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர் எழுதியது:

தம்பி, உங்களை நம்புகிறேன். நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி நான் படித்த எந்த அறிக்கையிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

சகோதரிக்கு இன்னொன்று. சிறாரின் ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஆஸ்திரேலிய ஆணையம் தந்த பரிந்துரையைப் பாருங்கள்: வேறொரு பெரியவரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி, திறந்த இடத்தில் மட்டுமே நடக்க வேண்டும். காதுக்கு எட்டாத தூரம், கண்ணுக்கு எட்டும் தூரம். இரகசியம் காக்கப்படுகிறது, தனிமை மட்டும் நீங்குகிறது. மற்ற இடங்களுக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்.

---

மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க முடியவில்லை. பெயர் சொல்லாத தம்பி எழுதியதைக் குழுவில் படித்துக் காட்டலாமா என்று இங்கேயே அனுமதி கேட்கிறேன். அவர் சம்மதித்தால் மட்டும்.

நேற்று மாலை திருவுடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து தாழ் போடலாம். ஒரே சன்னல், அதுவும் ஆளுயரத்துக்கு மேலே. வெளியே பாடகர் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது, எனக்குக் கேட்டது. நான் மேசையை ஓங்கித் தட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு ஆண்டுகளாக அந்த அறைக்குள் போய் வருகிறேன், அந்தத் தாழ் கண்ணில் பட்டதே இல்லை.

தாழை எடுத்துவிட்டு, கதவில் கண்ணாடி பதிக்க வேண்டும் என்று ஃபாதரிடம் சொன்னேன். "என்மேல் சந்தேகமா?" என்றார். முகம் வாடிவிட்டது. "உங்களுக்குப் பிறகு வருபவரை எனக்குத் தெரியாது, ஃபாதர். உங்களுக்கும் தெரியாது" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாடி அறையில் இருக்கும் பாடல் புத்தகங்களையும் கீழே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று அவராகவே சொன்னார்.

காவல்துறை எண் முதல் வரியில் இருக்கிறது. வருவதை நிறுத்திய பிள்ளையின் வீட்டுக்குப் போவது ஆறாவது விதி. புகார் பெறுபவர் பெயருக்கான இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பங்கைச் சாராத, முடிந்தால் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். இரண்டு பேரைக் கேட்டேன், இருவரும் தயங்குகிறார்கள். ஞாயிறு மூன்றாமவரைப் பார்க்கப் போகிறேன்.