ஏக்கல ட்ரான்ஸ்மிட்டர் யாருடையது?

வெள்ளவத்தையான்:
காலனித்துவத்துக்கு எதிராகத் தகவல்தொடர்பு நம் சனத்தை எப்படிப் பொது நோக்கத்தில் ஒன்றாக்கியது என்று இன்னொரு குழுவில் ஒரு பெரியவர் நீளமாக எழுதியிருக்கிறார். ரேடியோ சிலோன்தான் மொழி, மதம், எல்லை எல்லாம் தாண்டித் தெற்காசியாவை ஒரே நோக்கத்தில் இணைத்ததாம். காலனித்துவத்துக்கு நாம் கொடுத்த பதிலடியாம். கீழே ஆளுக்காள் கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் நின்று ரேடியோ சிலோனை ஒலிபரப்பிய 100 கிலோவாட் ட்ரான்ஸ்மிட்டர் யாருடையது என்று அங்கே ஒருவராவது கேட்டாரா? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தளபதி மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போடக் கொழும்பில் தொடங்கிய நிலையத்துக்காக வந்தது அது. 1949இல்தான் இலங்கையின் கைக்கு வந்தது. துரை கழற்றிப்போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு துரையை எதிர்த்தோம் என்று கதை விடுகிறார்கள்.

பழைய நேயர்:
தம்பி, நீர் அப்போது பிறந்திருக்க மாட்டீர். 1952இல் கேஸ்கர் இந்தியாவின் ஒலிபரப்பு மந்திரியாக வந்து அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தார். அதன்பிறகு பம்பாய்க்காரனும் மதுரைக்காரனும் கொழும்பைத்தான் திருப்பினான். ரேடியோ சிலோன் இருந்த டொரிங்டன் சதுக்கத்தில் ஒரே வளவுக்குள்ளிருந்து தமிழும் சிங்களமும் இந்தியும் ஆங்கிலமும் போயின. சனத்தை ஒன்றாக்க இதைவிட என்ன வேண்டும்?

வெள்ளவத்தையான்:
பாட்டுக் கேட்பது பொது நோக்கமா, ஐயா? அந்த இந்திப் பாட்டு நிகழ்ச்சி பினாகா கீத்மாலா யார் காசில் நடந்தது? சீபா என்ற சுவிஸ் கம்பெனி பற்பசை விற்க நடத்தியது. ட்ரான்ஸ்மிட்டர் வெள்ளையனுடையது, விளம்பரமும் வெள்ளையனுடையது. நமக்கு மிஞ்சியது அறிவிப்பாளரின் குரல் மட்டும்.

பழைய நேயர்:
பற்பசை வெள்ளையாகத்தான் இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

புதிதாக வந்தவன்:
முதலில் காலனித்துவம் என்றால் என்ன, தகவல்தொடர்பு என்றால் என்ன என்று வரையறுத்துக்கொண்டு பேசினால் நல்லதல்லவா?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
ரேடியோவை விடுங்கள். 1976 ஆகஸ்டில் இதே கொழும்பில், பண்டாரநாயக்க மண்டபத்தில், அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு கூடியது. செய்தி உலகத்தை நாலைந்து மேற்கத்திய ஏஜென்சிகளே கட்டி ஆளுகின்றன, புதிய பொருளாதார ஒழுங்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தகவல் துறையில் புதிய ஒழுங்கு என்று சொன்னது அந்த மாநாடு. அணிசேரா நாடுகளின் செய்தி நிறுவனங்கள் தமக்குள் செய்தி பகிரும் ஏற்பாட்டுக்கும் அங்கேதான் ஆதரவு கிடைத்தது. பிறகு 1980இல் உலகத் தகவல்தொடர்பு பற்றிய யுனெஸ்கோவின் மக்பிரைட் அறிக்கை வரைக்கும் அந்தப் பேச்சு போனது. இதில் எந்த மௌண்ட்பேட்டனும் இல்லை.

வெள்ளவத்தையான்:
அப்படியா? அந்த மண்டபம் சீனா கட்டித் தந்தது. சரி, அது போகட்டும். 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே அரசு மூன்று வருடம் கழித்து உலகத்துக்குத் தகவல் சுதந்திரம் பற்றி வகுப்பெடுத்தது. அந்த 1976 மே மாதம் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், ஆகஸ்டில் கொழும்பில் பொது நோக்கம். வட்டுக்கோட்டைக்கும் கொழும்புக்கும் நடுவில் தகவல் எந்த அலைவரிசையில் போனது, கணக்கரே? நான் கேட்ட ட்ரான்ஸ்மிட்டருக்கு இன்னும் பதிலில்லை.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
நீர் கேட்டது ரேடியோ. நான் சொன்னது செய்தி நிறுவனம். வாசிக்கத் தெரியாவிட்டால் சொல்லும்.

ஹற்றன் மகள்:
அண்ணன்மாரே, கொழும்பை விட்டு வெளியே வாருங்கள். மலையகத் தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய கோ. நடேசய்யருக்கு ட்ரான்ஸ்மிட்டர் இருந்ததா? தோட்டத்துக்குள் வெளியாள் காலடி வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக்கொடுத்த காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையோடு லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போனவர். தமிழில் பத்திரிகை நடத்தினார். பெரும்பாலானோருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் பாட்டாக எழுதினார். அதை அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் நின்று பாடினார். நடேசய்யர் கொழும்பில் சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவின் சங்கத்திலும் சேர்ந்து வேலை செய்தார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே மேடையைக் கேட்ட காலம் அது.

வெள்ளவத்தையான்:
பிறகு அதே குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினாரே, தங்கச்சி. இருவரும் பிரிந்தார்களே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஹற்றன் மகள்:
விடவில்லை. பிரிந்தது தொழில்நெருக்கடி வந்து, உள்ளூர்க்காரனுக்கே வேலை என்ற குரல் எழுந்தபோது. அதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள்தான் எல்லாவற்றுக்கும் கம்பி இழுத்துக் கொடுக்கிறீர்கள்.

நல்லூர் மூத்தவன்:
மலையகத்துக்கு முன்பே யாழ்ப்பாணம் செய்தது. 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ்தான் பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனது. 1927இல் காந்தியை வரவழைத்தார்கள். சிங்களப் பேச்சாளர்களை மேடையேற்றினார்கள். பூரண சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கில் நாலு தொகுதியில் வேட்புமனுவே இல்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் காலி.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
தெற்கு பகிஷ்கரித்ததா? அதைச் சொல்லும். செய்தி தெற்குக்குப் போய்ச்சேரவில்லை என்றால் அது எப்படிப் பொது நோக்கம்?

ஹற்றன் மகள்:
அதைவிட முக்கியம், அந்தத் தேர்தலில்தான் முதல்முதல் சர்வஜன வாக்குரிமை வந்தது. படிக்காத சனத்துக்கு வாக்கு வேண்டாம் என்று எதிர்த்த தமிழ்த் தலைவர் பொன். ராமநாதன் எந்த ஊர், ஐயா?

நல்லூர் மூத்தவன்:
ராமநாதனும் வாலிபர் காங்கிரசும் ஒன்றல்ல! எத்தனை தரம் எழுதுவது? போன வருடமும் இதே குழப்பத்தை இதே ஆள் கிளப்பினார். அப்போதும் நான்தான் திருத்தினேன். கணக்கர் அதற்கு ஒரு விருப்பமாவது போட்டாரா?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
விருப்பம் போடாததை இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறீரே.

வெள்ளவத்தையான்:
1933இல் சூரியமல் இயக்கம். யுத்தநினைவு நாளில் பாப்பிப் பூ விற்ற காசில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போகிறது என்று, அதே நவம்பர் 11இல் சிங்களத்தில் சூரியமல் எனும் பூவரசம் பூவை விற்றார்கள். 1934, 35இல் மலேரியா வந்தபோது அதே இளைஞர்கள் கிராமம் கிராமமாக நிவாரண வேலைக்குப் போனார்கள். ட்ரான்ஸ்மிட்டர் இல்லை, பற்பசை இல்லை, சீன மண்டபம் இல்லை. நான் முதலிலிருந்து சொல்வது இதுதான்.

பழைய நேயர்:
முதலிலிருந்து நீர் சொன்னது ஏக்கல மட்டும். பூவரசு இப்போதுதான் முளைத்தது. அத்தோடு, அந்தப் பூ எத்தனை தோட்டத்து லயத்துக்குப் போனது? எங்கள் ரேடியோ எல்லா டீக்கடையிலும் இருந்தது.

வெள்ளவத்தையான்:
டீக்கடையில் இருந்தது உங்கள் ரேடியோ. அலையை அனுப்பியது யாருடைய ட்ரான்ஸ்மிட்டர்?

பழைய நேயர்:
கேட்டவன் காது யாருடையது? அதைச் சொல்லும் முதலில். அப்படிப் பார்த்தால் கொழும்புத் துறைமுகமும் ரயில் பாதையும் வெள்ளையன் போட்டதுதான். நீர் மருதானைக்கு நடந்தா போகிறீர்?

ஹற்றன் மகள்:
மீனாட்சி அம்மாள் பற்றி நான் எழுதியதை யாராவது வாசித்தீர்களா?

புதிதாக வந்தவன்:
நான் கேட்ட வரையறை...

நல்லூர் மூத்தவன்:
நாலு ஆசனம். 1934 வரை காலி. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:
உமக்குப் பதில் சொன்னால் விருப்பமும் போடவேண்டும் என்பீர். லேக் ஹவுஸ் பற்றி நாளைக்குத் தனியாக எழுதுகிறேன். வெள்ளவத்தையார் அங்கே வந்து ஏக்கலவை இழுக்காமல் இருந்தால் புண்ணியம்.

வெள்ளவத்தையான்:
தாராளமாக எழுதும். அந்த அச்சு யந்திரம் எந்த நாட்டில் செய்தது என்று மட்டும் முதல் வரியிலேயே போட்டுவிடும். இல்லாவிட்டால் நான் வந்து கேட்பேன்.