தேர்தல் முடிவுக்கு மறுநாள் கடைக்கு வந்த பாற்சோறு

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்த நாளை அவரவர் எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதி வருகிறீர்கள். பெரும்பாலும் வென்ற பக்கத்தின் சந்தோஷம்தான் வாசிக்கக் கிடைக்கிறது. தோற்ற பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

மாத்தளையில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை, அப்பா தொடங்கியது. எங்கள் வீட்டில் ஓட்டு என்றால் யானைதான், அதாவது ஐக்கிய தேசியக் கட்சிதான். 1983 இனக்கலவரத்தில் முத்துமாரியம்மன் கோயிலுக்குத் தீ வைத்தது அதே யானைக் கட்சியின் ஆட்சிக் காலத்தில். அது தெரிந்தும் அப்பா மாறவில்லை. "நாளைக்குக் கடை திறக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தால் போதும்" என்பார். எனக்கும் அதே புத்திதான். யாராவது பெரிய மாற்றம் என்று பேசினால் முதலில் பயம்தான் வரும்.

அந்தப் பயத்துக்கு வயது முப்பத்தைந்து. 1989இல் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் இரண்டாவது ஆயுதக் கிளர்ச்சி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. இந்தியச் சாமான் விற்கக் கூடாது என்று ஊரெல்லாம் மிரட்டல். அப்பா பம்பாய் வெங்காய மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார். ஒரு நாள் காலையில் கடைக் கதவின் கீழே சிங்களத்தில் எழுதிய கடுதாசி ஒன்று கிடந்தது. மூன்று நாள் பூட்டச் சொல்லியிருந்தது. கையெழுத்து இல்லை. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. அப்பா பூட்டினார். மறுநாள் துப்பாக்கியோடு வந்தவர்கள் திறக்கச் சொன்னார்கள். திறந்தார். அந்த மூன்று நாளும் அம்மா சமைக்கவே இல்லை.

அப்புறம் 2022. காஸுக்கும் பெட்ரோலுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். ஜூலையில் பாராளுமன்றம் 134 வாக்குகளால் எங்கள் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. பெட்ரோலைப் பங்கிட்டுத் தரக் கியூஆர் கோடு வந்தது, வரிசை கரைந்தது. வற் வரியை 18 வீதமாக்கியபோது என் வியாபாரமும் அடிபட்டது, ஆனாலும் கடையில் சாமான் இருந்தது. அதனால் செப்டெம்பர் 21ஆம் திகதி ரணிலின் சிலிண்டர் சின்னத்துக்கு முதல் விருப்பாக 1 போட்டேன். இரண்டாம் விருப்பாக 2 யாருக்கும் போடவில்லை. யாருக்கும் பாதி கிடைக்காமல், இந்த நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணும் நிலை வந்தது. ரணில் மூன்றாம் இடம். அதே ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம் எடுத்து, கடைசியில் வென்றார்.

ஊரடங்கு போட்டிருந்தார்கள். எனக்கு 89 ஞாபகம் வந்து தூக்கமே இல்லை. ஆனால் தெருவில் ஒரு சத்தம் கிடையாது. போகிறவர், இலங்கை என்ற குழந்தையை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்ற பொருளில் வருகிறவருக்குச் செய்தி விட்டார். அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஆட்டோக்காரர் வந்தார். சிங்களவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முப்பது வருட வாடிக்கையாளர். கையில் வாழையிலையில் பாற்சோறு, சிங்களவர் நல்ல காரியங்களுக்குச் சமைப்பது.

"நீங்கள் எங்களுக்குப் போடவில்லை என்று தெரியும் முதலாளி. இருந்தாலும் சாப்பிடுங்கள்."

வாங்கிக்கொண்டு, எதற்காக இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். கிளர்ச்சியை அரசு அடக்கிய 89இல் அவருடைய தம்பியை வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார்களாம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். திரும்பி வரவில்லை. 2012இல் இங்கே ஆஸ்பத்திரி வளவில் தோண்டும்போது நூற்றைம்பதுக்கும் மேல் எலும்புக்கூடுகள் வந்தன அல்லவா, அப்போது ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தினமும் வேலியோரம் போய் நின்றாராம். அவை யாருடையவை என்ற வழக்கு இழுபட்டுக்கொண்டே போனது.

முப்பது வருடமாகப் பருப்பும் சீனியும் நிறுத்துக் கொடுத்த எனக்கு இது எதுவுமே தெரியாது. நான் கேட்டதில்லை.

அப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்துக்குள் அந்தக் கடுதாசி இன்னும் இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார்.

"எழுத்துப் பிழை இருக்கிறது முதலாளி. படிப்பு முடியாத பையன் யாரோ எழுதியது" என்றார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, மடித்துத் திருப்பித் தந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

புதியவரை நான் நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் 225இல் 159 இடம் அநுரவின் அணிக்கே போனபோது பழைய பயம் திரும்பவும் வந்தது. 1977இல் எங்கள் கட்சி 168இல் 140 எடுத்தது. அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்தவர்கள் நாங்கள். யார் கையில் இருந்தாலும் அவ்வளவு பலம் எனக்குப் பிடிக்காது. அன்று சாயங்காலம் சீனி வாங்க வந்த ஆட்டோக்காரரிடம் இதைச் சொன்னேன்.

"எனக்கும் கொஞ்சம் பயம்தான்" என்றார்.