நேபாளத்தின் மாகாண சபைகள்: கலைப்பதா, பலப்படுத்துவதா?

கணக்கர்:
நேபாளத்தில் மன்னராட்சி ஒழிந்தது 2008இல். 2015 அரசியலமைப்பு ஏழு மாகாணங்களைக் கொண்டுவந்தது. 2017இல் முதல் தேர்தல். ஏழு சபைகளுக்கும் சேர்த்து 550 உறுப்பினர்கள். இத்தனை பேரை அந்த நாடு தாங்குமா?

2023இல் கோசி மாகாணத்தில் நடந்ததைப் பாருங்கள். 93 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 47 வேண்டும். உத்தவ் தாபா முதலமைச்சராகக் காட்டிய 47 கையெழுத்தில் ஒன்று சபாநாயகருடையது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபடி பதவியேற்பு, மறுபடி வழக்கு. ஆண்டு முழுக்க நாற்காலி கைமாறிக்கொண்டே இருந்தது. மக்களுக்கு நேரடியாகப் பயன்படுபவை 753 உள்ளாட்சி அமைப்புகள்தான். காத்மாண்டுவும் உள்ளாட்சியும் போதும், நடுவில் இருப்பதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

வழிப்போக்கன்:
கணக்கர் ஐயா, அந்தக் கோசியின் தலைநகர் விராட்நகரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தன் ஊர்ப் பாலத்துக்காக மாகாண அலுவலகம் ஒன்றுக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். மேசை இருந்தது, கோப்பு இருந்தது, மேலே அவர் எழுதிக் கொடுத்த மனுவும் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய செயலாளரை மட்டும் காணோம். முந்தின வாரம்தான் காத்மாண்டு அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது, புது ஆள் இன்னும் வரவில்லை என்றார்கள். வெளியே வந்த அந்த அம்மா திட்டியது மாகாணத்தைத்தான். அங்கே இருந்த யாருக்கும் அந்தச் செயலாளரை நிறுத்திவைக்க அதிகாரம் கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை மாகாண அதிகாரங்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவது என்ன தெரியுமா? மாகாணக் காவல்துறையும் சட்டம் ஒழுங்கும். இன்று வரை காவல்துறை காத்மாண்டுவின் கையில். மாவட்டங்களில் சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் தலைமை அதிகாரியும் மத்திய உள்துறையின் ஆள். இப்போது மாதேஷ் என்று பெயர் பெற்ற அன்றைய இரண்டாம் மாகாணம், 2018இலேயே சொந்தக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. அதனால் கிடைத்தது காத்மாண்டுவோடு மோதல்தான், காவல்துறை கிடைக்கவில்லை. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, இவனுக்கு நீந்தத் தெரியவில்லை என்று சொல்லலாமா?

கணக்கர்:
பாலத்துக்கு உள்ளாட்சியிடம் போயிருக்கலாமே! பணத்தையும் பாருங்கள். மதிப்புக் கூட்டு வரியில் 70 சதவீதம் மத்திய அரசுக்கு. 15 மாகாணங்களுக்கு, 15 உள்ளாட்சிகளுக்கு. மாகாணங்கள் மானியத்தை நம்பித்தான் ஓடுகின்றன. 2022இல் ராஷ்ட்ரிய சுவதந்திர கட்சி என்ற புதிய கட்சி மாகாணத் தேர்தலில் ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. ஆனாலும் நாடாளுமன்றத்தில் 20 இடம் பிடித்தது. இந்த சபைகளில் அக்கறை இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பரணி:
இருவரும் அதிகாரம், பணம் என்றே பேசுகிறீர்கள். சபைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். கர்ணாலி மாகாண சபையில் 40 பேர். உறுப்பினர்களில் 20 சதவீதம் வரை அமைச்சர்களாகலாம் என்கிறது அரசியலமைப்பு. அதாவது எட்டுப் பேர். சபாநாயகர், துணை சபாநாயகர் போக மீதி முப்பது பேர்தான் எல்லாக் குழுக்களையும் நிரப்ப வேண்டும். மசோதாவைப் படித்து, கணக்கைத் தோண்டி, அமைச்சரைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் இவர்கள். அவர்களுக்குச் சட்டம் எழுதத் தெரிந்த உதவியாளர் எத்தனை பேர்? காவல்துறையை நாளைக்கே கொடுத்தாலும், அதைத் தட்டிக் கேட்கிற சபை இல்லையென்றால் அது முதலமைச்சரின் சொந்தப் படையாகிவிடும். எனக்கு அந்தப் பயம் உண்மையிலேயே இருக்கிறது.

வழிப்போக்கன்:
பரணி சொல்வதை ஏற்கிறேன், நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் கலைக்கலாம் என்பதை ஏற்கவே முடியாது. 2015இல் தெற்கே தராய் சமவெளியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தது எதற்காக? மாகாண எல்லையும் பிரதிநிதித்துவமும்தான் அந்தப் போராட்டத்தின் மையம். மலைநாட்டு மேல்தட்டு நடத்திய அரசில் மைதிலி, போஜ்புரி பேசுகிறவர்களுக்குப் போதிய இடம் இல்லாமல் இருந்தது. மாதேஷின் தலைநகர் ஜனக்பூரில் ஒரு சபை உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கென்று ஒரு முதலமைச்சர் வந்தார், லால்பாபு ராவத். அவரது அரசு பள்ளிப் பெண்களுக்கு சைக்கிள் கொடுத்தது. சின்ன விஷயம்தான். ஆனாலும் அதைச் செய்தது அவர்களுடைய அரசு.

இன்னொன்று. 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. மூன்று நாளில் கீழவையான பிரதிநிதிகள் சபையும் கலைக்கப்பட்டது. மாகாண சபைகள் ஏழும் கலையவில்லை. மத்தியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கீழவையே இல்லாத நேரத்தில் அவை இருந்தது உங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லையா?

கணக்கர்:
தோன்றுகிறது, மறுக்கவில்லை. மாதேஷ் விஷயத்திலும் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்த நியாயம் ஏழு மாகாணத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. சரி, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்: கலைக்க வேண்டாம், காவல்துறையும் ஊழியர்களும் அவர்கள் கைக்கே போகட்டும். பதிலுக்கு, அமைச்சர்களின் உச்சவரம்பை 20இலிருந்து 10 சதவீதமாக்கச் சம்மதமா?

பரணி:
எனக்குச் சம்மதம். கர்ணாலிக்கு முதலமைச்சரோடு நான்கு பேர். மிச்சப்படுகிற நான்கு பேரும் குழுக்களுக்கு வரட்டும். ஆனால் குழுத் தலைவர் பதவியில் பாதியை எதிர்க்கட்சிக்குக் கொடுக்க வேண்டும். கணக்குக் குழு கண்டிப்பாக எதிர்க்கட்சிக்குத்தான்.

வழிப்போக்கன்:
அதோடு செயலாளரைத் திருப்பி அழைக்கிற அதிகாரத்தைக் காத்மாண்டுவிடமிருந்து எடுத்துவிடுங்கள். நானும் சம்மதிக்கிறேன்.