கலைச்சொல் விவாதம்: கட்டடப் படத்தில் மேலே நெருங்கும் கோடுகளுக்கு என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கட்டட ஒளிப்படக் கலை பற்றிய ஒரு கையேட்டுக்குக் கலைச்சொல் பட்டியல் தயாரித்து வருகிறேன். ஒரே ஒரு சொல்லில் ஒரு வாரமாகச் சிக்கி நிற்கிறேன். உயரமான கட்டடத்தின் அடியில் நின்று, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் பக்கச் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கட்டடமே பின்னால் சாய்ந்து விழப்போவதுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் 'கீஸ்டோன்' என்றும் 'கன்வர்ஜிங் வெர்ட்டிகல்ஸ்' என்றும் சொல்கிறார்கள். இதுவரை கையில் உள்ளவை நான்கு: தலைக்கல் விளைவு, சரிவகத் திரிபு, செங்குத்துக் குவிவு, கோணல் பிழை. 'சரிவகத் திரிபு' எனக்குப் பிடித்திருக்கிறது. சரிவகம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உருவம். அதையே உறுதி செய்துவிடலாமா?

-----

மறுமொழி

ஐயா, வணக்கம். அவசரப்பட்டு உறுதி செய்துவிடாதீர்கள். இருபது ஆண்டுகளாகக் கட்டடங்களைப் படமெடுத்துப் பிழைப்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> தலைக்கல் விளைவு

இதை முதலில் தள்ளிவிடலாம். கீஸ்டோன் என்பது கல் வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்பு வடிவக் கல். அது மேலே அகலம், கீழே குறுகல். புரொஜெக்டரை நிமிர்த்தி வைத்துத் திரையில் படம் காட்டினால் அந்தப் படம் மேலே விரிந்து இந்தக் கல்லைப் போலவே தெரியும். அங்கே அந்தப் பெயர் பொருத்தம்தான். நம் கட்டடப் படத்தில் நடப்பது நேர்மாறு: மேலே குறுகல், கீழே அகலம். ஆங்கிலத்தில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தலைகீழாக வந்து சேர்ந்த சொல்லை நாமும் தலைகீழாகவே தூக்கிவர வேண்டியதில்லை.

> கோணல் பிழை

> சரிவகத் திரிபு

இந்த இரண்டிலும் எனக்கு உள்ள சண்டை ஒன்றே. 'பிழை', 'திரிபு' என்ற சொற்கள் லென்ஸின்மேல் பழி போடுகின்றன. லென்ஸ் ஒரு தவறும் செய்யவில்லை. பீப்பாய்த் திரிபு என்று ஒன்று உண்டு. நேர்கோடு படத்தின் ஓரத்தில் வில்லாக வளையும். அது உண்மையிலேயே லென்ஸின் குறை, அதற்குத் 'திரிபு' தகும். இங்கேயோ நேர்கோடு நேர்கோடாகவே இருக்கிறது. கேமராவின் படத்தளம் (உள்ளே படம் பதியும் பரப்பு) சுவருக்கு இணையாக இருந்தால் சுவரின் கோடுகள் இணையாகவே விழும். தளத்தைச் சாய்த்தால் அவை ஒரு புள்ளியை நோக்கிச் செல்லும். உலகத்தில் எந்த உயர்ந்த லென்ஸை வாங்கிப் பொருத்தினாலும் இதுதான் நடக்கும். தண்டவாளம் தொலைவில் ஒன்றுசேர்வதும் இதே கணக்குதான். அதை யாராவது 'தண்டவாளப் பிழை' என்று சொல்கிறார்களா? கிடையாக ஓடும் கோடு நெருங்கினால் ஆழம் என்று ரசிக்கிறோம், நிமிர்ந்து ஓடும் கோடு நெருங்கினால் பிழை என்கிறோம். கண்ணால் அண்ணாந்து பார்க்கும்போது மூளை அந்த நெருக்கத்தைச் சரிசெய்து காட்டிவிடுகிறது. கையகலத் தாளில் பார்க்கும்போது அந்த உதவி கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இதை வேண்டுமென்றே செய்தவர்கள் இருக்கிறார்கள். சோவியத் ஒளிப்படக் கலைஞர் அலெக்சாந்தர் ரோத்சென்கோ 1925 இல் மாஸ்கோவின் மியாஸ்னீட்ஸ்கயா தெருவில் ஓர் அடுக்குமாடி வீட்டைச் சுவரோடு ஒட்டி நின்று அண்ணாந்து எடுத்தார். பால்கனிகள் ஏணிப்படிகளாக அடுக்கடுக்காக வானத்துக்கு ஏறுகின்றன. தொப்புள் மட்டத்திலிருந்தே உலகத்தைப் பார்க்கும் பழக்கத்தைக் கேலி செய்தவர் அவர். அந்தப் படத்தின் கீழே 'கோணல் பிழை உடையது' என்று உங்கள் கையேடு எழுதினால் எப்படி இருக்கும்!

ஆகவே நமக்கு இரண்டு சொல் வேண்டும்: நிகழ்வுக்கு ஒன்று, அதைச் சரிப்படுத்தும் செயலுக்கு ஒன்று. நிகழ்வின் பெயரில் குற்றச்சாட்டு இருக்கக் கூடாது.

> செங்குத்துக் குவிவு

நெருங்கி வந்துவிட்டீர்கள். ஆனால் 'குவி' என்ற அடியை ஒளியியல் முன்பே எடுத்துக்கொண்டது. குவிலென்ஸ், குவியம், குவியத்தொலைவு என்று இருக்கும் ஊரில் 'குவிவு' என்று புதிதாக ஒருவரைக் குடிவைத்தால், படிப்பவர் ஏதோ கேமரா குவியம் தவறிவிட்டது என்றே நினைப்பார்.

என் பரிந்துரை: கூம்பல்.

மாலையில் தாமரை கூம்புகிறது. இதழ் நுனிகள் மேலே ஒன்றையொன்று தேடி நெருங்குகின்றன. அடி அகலமாகவே இருக்கிறது. அண்ணாந்து எடுத்த மாடிக் கட்டடத்தின் உருவம் அச்சாக இதுதான். இதே வினையின் பிறவினைதான் 'கூப்பு'. கைகூப்பும்போது விரல்நுனிகள் சேர்வதை நினைத்துப் பாருங்கள். சொல் நான் புனைந்ததுமில்லை. குறள் 425 இல் 'மலர்தலும் கூம்பலும்' என்று எதிரெதிராகவே நிற்கிறது. அந்த எதிர்ச்சொல்லும் நமக்கு வேலைக்கு ஆகும். மாடியிலிருந்து கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எதிர்க்கட்டடத்தை எடுத்தால் கோடுகள் கீழே நெருங்கி மேலே விரியும். அதற்கு மலர்ச்சி.

சரிசெய்வதற்கு நிமிர்த்தல். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவரை நேராக்குவதுபோல, படத்தில் கட்டடத்தை எழுப்பி நிறுத்துகிறோம். 'திருத்தம்' என்று சொன்னால் மறுபடியும் பிழை வந்து ஒட்டிக்கொள்ளும்.

நிமிர்த்துவதற்கு வழிகள் பல. அவற்றுக்கும் சொல் தேவைப்படும். பழைய மரக் கேமராவில் லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்குவார்கள், கேமரா சாயாது. பழைய பாரிசை 18 × 24 செ.மீ. கண்ணாடித் தட்டுகளில் பதிவுசெய்த எழேன் அத்ழேயின் படங்கள் பலவற்றில் மேல் மூலைகள் இருண்டு வட்டமாக வெட்டியதுபோல் இருக்கும். காரணம் இதுதான்: லென்ஸ் தரும் வட்டமான பிம்பத்தின் எல்லையைத் தாண்டும் அளவுக்குப் பலகையைத் தூக்கிவிட்டார். அந்த வட்டத்தைப் படவட்டம் என்று சொல்லலாம், பலகையின் அந்த நகர்வைப் பெயர்வு என்று சொல்லலாம். சிறு கேமராவுக்கு இந்தப் பெயர்வு லென்ஸை நிக்கான் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. 1973 இல் கேனன் லென்ஸை மட்டும் சாய்க்கும் சாய்வையும் சேர்த்து சாய்வு-பெயர்வு லென்ஸ் ஆக்கியது. நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் சுரங்கக் கட்டடங்களையும் ஆண்டுக்கணக்கில் ஒரே முறையில் எடுத்துத் தள்ளிய பெர்ண்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் பெரிய கேமராவைப் பயன்படுத்தியதோடு ஏணியிலும் உயரமான இடங்களிலும் ஏறி நின்றார்கள். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்களே போய்விட்டால் கூம்பல் வர வழியில்லை. என் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த உபகரணம் எதிர்வீட்டு மாடிப்படிதான்.

கணினியில் நிமிர்த்துவது எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் இலவசமில்லை. மேற்பகுதியை இழுத்து அகலமாக்குகிறோம். அங்கே நுணுக்கம் குறைகிறது, ஓரங்களில் கொஞ்சம் வெட்டிப்போகிறது. நூற்றுக்கு நூறு நிமிர்த்தினால் கட்டடம் மேலே மலர்ந்ததுபோல் கண்ணுக்குப் படும். அதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் பலர் ஒரு சிட்டிகைக் கூம்பலை விட்டுவைக்கிறார்கள். கையேட்டில் மிகைநிமிர்வு என்றும் ஒரு பதிவு போடுங்கள்; புதிதாகக் கற்பவர்கள் விழும் குழி அது.

-----

மறுமொழி

இருவருக்கும் வணக்கம். கணக்கு ஆசிரியையாக இருந்தவள், எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு சிறு திருத்தம். நிகழ்வை விளக்கும்போது 'செங்குத்து' வேண்டாம். கணக்கில் அது ஒரு கோட்டுக்கு 90 பாகையில் நிற்கும் இன்னொரு கோடு. தரையில் படுத்திருக்கும் கோட்டுக்கும் செங்குத்து உண்டு. நீங்கள் சொல்வது நிலைக்குத்து, தூக்குக்குண்டின் நூல் தொங்கும் திசை.

அடுத்தது பெரிய சந்தேகம். கூம்பல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் 'கூம்பு' என்றால் என் மாணவர்களுக்கு ஐஸ்கிரீம் வைக்கும் உருவம். உண்மையிலேயே கூம்பி எழும்பிய கட்டடங்கள் இருக்கின்றனவே! ஈஃபில் கோபுரம், சான் ஃபிரான்சிஸ்கோவின் டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடு, லண்டனின் ஷார்டு. அவற்றின் படத்தில் 'கூம்பல் உள்ளது' என்றால் கட்டடத்தைச் சொல்கிறீர்களா, கேமராவைச் சொல்கிறீர்களா? மயக்கம் தரும் சொல் கலைச்சொல் ஆகாது என்று இந்தக் குழுமத்திலேயே பல முறை சொல்லியிருக்கிறோம்.

-----

மறுமொழி

அம்மா, நிலைக்குத்தை ஏற்றுக்கொண்டேன். நாக்குப் பழக்கத்தில் கவனிக்காமல் விட்டது.

கூம்பல் பற்றிய உங்கள் கேள்வி சரியான இடத்தில்தான் குத்துகிறது. ஆனால் அந்த மயக்கம் சொல்லில் இல்லை, படத்திலேயே இருக்கிறது. லண்டன் ஃபென்சர்ச் தெருவின் 20 ஆம் எண் கோபுரம் மேலே போகப் போக அகலமாகிறது. அதை அண்ணாந்து எடுங்கள். கேமராவின் கூம்பலும் கட்டடத்தின் மலர்ச்சியும் ஒன்றையொன்று விழுங்கி, கட்டடம் கொஞ்சம் சாதுவாகத் தெரியும். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் ஓரத்து வீடுகள் பல தெருப்பக்கம் முன்னே சாய்த்தே கட்டப்பட்டவை. அவற்றின் முகப்புக்கும் நிலைக்குத்துக்கும் எப்போதும் ஒத்துவராது. ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தெனனின் தூண்களும் உள்நோக்கி மிக மெல்லச் சாய்ந்தவை. மேலே நீட்டிக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் சந்திக்கும். அண்ணாந்து எடுத்த படத்தில் எவ்வளவு சாய்வு பழங்காலச் சிற்பியுடையது, எவ்வளவு நம் கழுத்துடையது என்று யார் பிரிப்பது?

பைசாவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அங்கே எடுத்த படம் ஒன்றைத் தானாக நிமிர்த்தும் மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 4 பாகை சாய்ந்து நிற்கும் கோபுரத்தை அது கடமை உணர்ச்சியோடு நேராக நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பேராலயத்தைச் சாய்த்துவிட்டது.

எனவே அடைமொழி சேர்ப்போம். கேமராவால் வருவது காட்சிக் கூம்பல், கட்டடத்துக்கே உரியது கட்டுமானக் கூம்பல். கையேடு முழுக்க முன்னதுதான் பேசப்படும் என்பதால், முதல் முறை மட்டும் அடைமொழியோடு எழுதிவிட்டுப் பிறகு வெறும் 'கூம்பல்' போதும். வடிவத்துக்குக் 'கூம்பு', நிகழ்வுக்குக் 'கூம்பல்' என்று ஈறே வேறாக இருப்பதும் துணை.

இந்தப் பிரிவினை வெறும் சொல் விளையாட்டும் அல்ல. 1858 இல் வெட்ஸ்லார் பேராலயத்தின் சுவரில் ஏறி அளவெடுக்கும்போது ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் கீழே விழப்போய்த் தப்பினார். படமெடுத்துப் படத்திலிருந்தே அளந்தால் என்ன என்று அங்கேதான் தோன்றியது. அந்த முறைக்கு 1867 இல் முதலில் 'ஃபோட்டோமெட்ரோகிராஃபி' என்று பெயர் வைத்து, அதே ஆண்டிலேயே 'ஃபோட்டோகிராமெட்ரி' என்று மாற்றிக்கொண்டார். படத்திலிருந்து அளப்பவருக்கு எந்தச் சாய்வு சுவருடையது, எந்தச் சாய்வு கேமராவுடையது என்பதுதான் முழுத் தொழிலும். அவர்கள் கூம்பலை வெறுப்பதில்லை, கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். சொல் வைத்த மனிதருக்கே ஓராண்டுக்குள் மனம் மாறியிருக்கிறது, நாம் ஒரு வாரம் தடுமாறினால் என்ன.

-----

மறுமொழி

இருவருக்கும் நன்றி. சரிவகத்தை மனமில்லாமல் கைவிடுகிறேன். பட்டியலில் இப்படிப் பதிந்திருக்கிறேன்:

கூம்பல் (காட்சிக் கூம்பல்): படத்தளம் மேல்நோக்கிச் சாய்வதால் கட்டடத்தின் நிலைக்குத்துக் கோடுகள் படத்தில் மேலே நெருங்கித் தெரிவது. எதிர்: மலர்ச்சி. சரிப்படுத்துதல்: நிமிர்த்தல். அளவுக்கு மிஞ்சினால்: மிகைநிமிர்வு.

பெயர்வு, சாய்வு, படவட்டம் மூன்றும் அப்படியே. 'சாய்வு' மட்டும் உறுத்துகிறது. கேமராவைச் சாய்ப்பதும் சாய்வு, லென்ஸை மட்டும் சாய்ப்பதும் சாய்வு, பைசாவும் சாய்வு. லென்ஸின் சாய்வுக்கு வேறு சொல் கிடைத்தால் தனி இழையில் எழுதுங்கள்.