மெசி 35: பற்றரி கொதிக்கிறது, கட்டவுட் மாற்றியும் அடங்கவில்லை

மட்டக்குளித் தோட்டம்:
வணக்கம். மட்டக்குளியில், களனி கங்கை கடலில் சேரும் பக்கமாக, அப்பாவும் நானும் பூக்கன்றுத் தோட்டம் நடத்துகிறோம். மண், எரு, சட்டிகள் எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றி இழுப்பது ஒரு பழைய மெசி பெர்குசன் 35. பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல். எஞ்சின் இன்றைக்கும் ஒரே திருப்பில் பிடிக்கும். தொல்லை முழுக்கப் பற்றரியில்தான்.

பற்றரி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரம் ஓடினால் மூடி ஓட்டைகளால் ஈரம் கசிகிறது, கூழ்முட்டை மணம் வருகிறது. கிழமைக்கு ஒரு தடவை தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. லைட் பல்ப் இரண்டு போய்விட்டன. அம்பியர் மீற்றர் முள் சார்ஜ் பக்கம் ஏறினால் இறங்குவதே இல்லை. பற்றரியில் மீற்றர் பிடித்துப் பார்த்தேன்: மெதுவாக ஓடும்போது 13.4 வோல்ட், திராட்டிலைக் கூட்டினால் 16.3.

முதலில் ஒரு கராஜில் பற்றரி பழுது என்றார்கள், புதிது போட்டோம். பிறகு வேறொருவர் கட்டவுட் (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பழுது என்றார். பஞ்சிகாவத்தையில் தேடிப்பிடித்துப் புதுக் கட்டவுட் வாங்கிப் பூட்டினேன். அதே 16.3. அடுத்தது டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். அதற்குமுன் யாரிடமாவது கேட்கலாம் என்று எழுதுகிறேன். தைப்பொங்கலுக்கு முன்பு கறள் சுரண்டிப் பெயின்ற் அடித்து, டிராக்டரைப் புதிதுபோல ஆக்கி வைத்திருந்தோம். அதை இந்த நிலையில் பார்க்க அப்பாவுக்குத் தாங்கவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பற்றரியில் ஒரு செல் ஷோர்ட் ஆகியிருக்கலாம் சகோதரா. அப்படியானால் முள் இறங்கவே இறங்காது. எனது வானில் நடந்தது.

பழைய வயர்மன்:
ஷோர்ட் ஆன செல் முள்ளை மேலே பிடித்து வைக்கும், அது உண்மை. ஆனால் அப்போது வோல்ட் குறைவாகத்தான் காட்டும். இங்கே 16.3 காட்டுகிறது. ஆகவே பற்றரி இதில் அடி வாங்குகிறது, அடிப்பது வேறொன்று.

தம்பி, டைனமோவுக்குக் காசு கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். கட்டவுட்டில் எத்தனை முனைகள், என்ன எழுத்துகள்? பற்றரியின் எந்த முனை பொடியில், அதாவது வண்டியின் இரும்பு உடலில், எர்த்தாகப் பூட்டியிருக்கிறது? அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பொசிட்டிவ் எர்த் சாதாரணம், அதைத் தெரியாமல் மாற்றிப் பூட்டியவர்கள் நிறையப் பேர். மூன்றாவது, ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, கட்டவுட்டில் எஃப் என்று இருக்கும் வயரைக் கழற்றி, நுனியை டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்து முள்ளைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. கொதிக்கிற பற்றரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் சிகரெட், நெருப்பு வேண்டாம். வயரைப் பற்றரி முனையில் தட்டிப் பொறி பார்ப்பதும் வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொண்டு குனியுங்கள். பற்றரி வெடித்து அமிலம் முகத்தில் பட்ட பையனை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

மட்டக்குளித் தோட்டம்:
நன்றி ஐயா. ஐந்து முனை: ஏ, ஏ1, எஃப், டி, ஈ. பொடியில் இருப்பது பொசிட்டிவ், அப்பா வாங்கிய நாளிலிருந்து அப்படித்தானாம். எஃப் வயரைக் கழற்றியதும் முள் நடுவுக்கு வந்துவிட்டது. திராட்டில் கூட்டினாலும் 12.7க்கு மேல் போகவில்லை.

பழைய வயர்மன்:
நல்ல செய்தி. உங்கள் டைனமோ சுகமாக இருக்கிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த வகையில் டைனமோவுக்குள் காந்தம் உண்டாக்கும் ஃபீல்ட் சுருளுக்குக் கரண்ட் போவது கட்டவுட்டின் எஃப் வழியாக. அதைக் கழற்றியும் சார்ஜ் நிற்காவிட்டால், டைனமோவுக்குள்ளோ வயர்க் கட்டிலோ எஃப்பும் டியும் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். உங்களுக்கு நின்றுவிட்டது. ஆகவே பிழை கட்டவுட்டில், அல்லது கட்டவுட்டின் எர்த்தில். கட்டவுட் இரண்டும் ஒரே மாதிரி 16.3 காட்டுகிறதென்றால் எனக்குச் சந்தேகம் எர்த்தில்.

கட்டவுட் பெட்டிக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று டிக்கும் ஈக்கும் நடுவில் இருக்கிறது. வோல்ட்டை அளப்பது அதுதான். வோல்ட் ஏறினால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும், பொயின்ட் (தொடுமுனை) திறக்கும், ஃபீல்டுக்குப் போகிற கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து போகும். திரும்ப மூடும், திரும்பத் திறக்கும். இது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடப்பது. ஈ முனையின் பாதை அடைபட்டால் சுருளுக்கு முழு வோல்ட் கிடைக்காது. 16 வந்தாலும் அது 14 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பற்றரி கொதிக்கும்.

எஃப்பைத் திரும்பப் பூட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் எர்த் கொம்பிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத்திலேயே), மற்றதை ஈ முனையிலும் வையுங்கள். 0.1 அல்லது 0.2க்குள் காட்ட வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, நல்ல வயர் ஒன்றை ஈ முனையிலிருந்து எஞ்சின் புளொக்கின் வெறும் இரும்புக்கு இழுத்துப் பூட்டி, ஸ்டார்ட் செய்து பற்றரி வோல்ட்டைப் பாருங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கவனம்.

யாராவது ஏ வயர்களைக் கழற்றிவிட்டு டியில் மீற்றர் பிடித்து 16 இருக்கிறது என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். பற்றரி இணைப்பு இல்லாமல் அந்த வகைப் பெட்டி 16 அளவில் காட்டுவது சரியான செட்டிங்தான். அதைப் பார்த்து ஸ்க்ரூவைத் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு.

நுகேகொடை புல்வெட்டி:
நடுவில் ஒன்று. என்னிடம் இருப்பது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் டிராக்டர், அதிலும் பற்றரி கொதித்தது. இந்த எஃப் சோதனை அதற்குப் பொருந்துமா?

பழைய வயர்மன்:
பொருந்தாது. உங்களுடையதில் ஃபீல்ட் சுருளே இல்லை. ஃப்ளைவீலில் நிலையான காந்தம், அதன் அடியில் ஸ்டேட்டர் என்ற அசையாத கம்பிச் சுருள். வெளியே மூன்று முனைச் சின்ன ரெகுலேட்டர்: ஓரத்தில் இரண்டு ஏசி, நடுவில் பற்றரிக்குப் போவது. கோலர் எஞ்சின் என்றால் முழு வேகத்தில் பற்றரியில் 14.7க்கு மேல் போனால் ரெகுலேட்டரை மாற்றச் சொல்கிறது அவர்களின் கைநூல். பற்றரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டாதீர்கள், புது ரெகுலேட்டரும் போய்விடும்.

மட்டக்குளித் தோட்டம்:
ஐயா, கிடைத்துவிட்டது!

ஈ முனைக்கும் பற்றரிக் கொம்புக்கும் நடுவில் 2.1 வோல்ட். நீங்கள் சொன்னபடி வயர் இழுத்தேன். 16.3 காட்டிய இடத்தில் 14.3. அப்பா மீற்றரை வாங்கித் தானும் இரண்டு தடவை பார்த்தார்.

ஈ முனையின் வயர் கட்டவுட் பக்கத்துத் தகட்டில் ஒரு போல்ட்டில் முடிகிறது. போல்ட்டைக் கழற்றி லக்கை (வயர் நுனி வளையத்தை) தூக்கினால், அடியில் எங்கள் பொங்கல் பெயின்ற், வட்டமாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். வேலை மும்முரத்தில் லக்கைக் கழற்றி வைத்துவிட்டு, காய்ந்த பெயின்ற் மேலேயே பூட்டியிருக்கிறேன். கரண்ட் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும். அங்கேயும் உப்புக்காற்றில் கறள். இரண்டு கட்டவுட்டும் அதே போல்ட்டில்தானே எர்த் எடுத்தன.

தகட்டைச் சாண்ட் பேப்பரால் வெள்ளை இரும்பு தெரிய உரஞ்சி, நட்சத்திர வாஷர் போட்டுப் பூட்டினேன். இப்போது ஈ முனையில் 0.05. பழைய கட்டவுட்டையே திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதுவும் 14.3. புதியதைச் சுற்றி வைத்துவிட்டோம்.

பற்றரியை என்ன செய்வது? பக்கவாட்டில் லேசாக வீங்கியிருக்கிறது.

வவுனியாவிலிருந்து:
தம்பி, தகட்டை மட்டும் நம்பாமல் ஈ முனையிலிருந்து எஞ்சின் புளொக்குக்குத் தனி வயர் ஒன்றும் போட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் வயலில் ஓடுகிற எல்லாப் பழைய மெசிக்கும் அப்படித்தான் செய்கிறோம். சேறும் தண்ணீரும் பட்டுத் தகடு எப்படியும் ஒரு நாள் கைவிடும்.

பழைய வயர்மன்:
அவர் சொல்வதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பற்றரிக்கு: தகடுகள் மூடுமளவு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு, சார்ஜரில் மெதுவாக ஏற்றி, பிறகு கோடு வரைக்கும் நிரப்புங்கள். அமிலம் ஒரு துளிகூட விட வேண்டாம், கொதித்துப் போனது தண்ணீர்தான். அடுத்த நாள் ஹைட்ரோமீற்றரால் (அமிலத்தின் அடர்த்தி அளக்கும் கருவி) ஆறு செல்லும் பாருங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் கொஞ்சக் காலம் ஓட்டலாம். ஒன்று மட்டும் 0.050க்கு மேல் கீழே நின்றால் அந்தப் பற்றரி முடிந்தது. பற்றரித் தட்டில் ஊற்றிய அமிலத்துக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், நுரை அடங்கும் வரை. அந்தக் கரைசல் செல்லுக்குள் போகக் கூடாது, மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள்.

மட்டக்குளித் தோட்டம்:
ஐந்து செல் 1.250 அளவில், ஒன்று 1.170. மாற்றத்தான் வேண்டும். அப்பா சரி என்றார். புது பற்றரி போட்டு ஒன்பது நாள் ஆகிறது, தினமும் மூன்று நடை மண் இழுக்கிறோம். ஸ்டார்ட் செய்ததும் முள் ஏறி, கேற்றடிக்குப் போவதற்குள் நடுவுக்குக் கிட்ட இறங்கிவிடுகிறது. தண்ணீர் கோடு அசையவில்லை.

கடைசியாக ஒன்று: அந்த எர்த் போல்ட்டுக்குக் கிரீஸ் பூசலாமா? கடல் கிட்ட என்பதால் கேட்கிறேன்.

பழைய வயர்மன்:
பூசலாம். முதலில் இரும்பும் இரும்பும் தொட இறுக்கிவிட்டு, அதற்கு மேலால் பூசுங்கள். லக்கின் அடியில் வேண்டாம்.